எஞ்சின் எனக்கு, கூடு அவனுக்கு

விவாகரத்துப் பத்திரத்தில்
படகு அவனுக்கு, நாய் எனக்கு.
அறுபத்து நான்காம் வருட ஸாப் காரைப் பற்றி
இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.
வக்கீல் பேனாவை மூடியபின்
வெளியே பனியில் நின்றபடி எஸ்கில் சொன்னான்:
"எஞ்சின் உன்கிட்ட இருக்கட்டும்.
கூடு என் கொட்டகையில கிடக்கட்டும்."
ஏற்கெனவே கழற்றித்தான் வைத்திருந்தோம்.

அப்படி அது என் சமையலறை மேசைக்கு வந்தது.
மறுமுனையில் உருளைக்கிழங்கும் மீனும் தின்றேன்
இரண்டு குளிர்காலம்.
நாய் அதற்கு நேர் கீழே படுத்துக்கொண்டது,
அதில் இன்னும் அவன் வாசனை இருந்திருக்கலாம்,
எனக்குத் தெரிந்து மண்ணெண்ணெய்தான்.

மூன்று பிஸ்டன், மூன்று ராடு, ஒரு கிராங்க்.
அசைவது மொத்தமே ஏழு,
கெடுவதற்கு வேறொன்றும் இல்லை என்று
வாங்கும்போது சொன்னார்கள்.
ஏழில் நான்கு கெட்டிருந்தன.
எங்களுக்குள் அசைந்தவை எத்தனை என்று
யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமைகளில் மேட்டுக்குப் போவேன்,
மடியில் ஒரு துணிமூட்டை, அதற்குள் ஒரு பிஸ்டன்.
காருக்கடியிலிருந்து ஒரு கை நீளும்:
"பதிமூணு."
வைப்பேன்.
"பதினொண்ணு. இல்ல, பத்து."
வைப்பேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
வேண்டியது என்னவென்று இவ்வளவு தெளிவாக
அவன் என்னிடம் கேட்டதே இல்லை.
நானும்தான்.

மர்யாத்தா காபி வைத்துவிட்டுப் போவாள்.
கடலுக்கு அந்தப் பக்கம், வாசாவிலிருந்து வந்தவள்,
கேள்வி கேட்கும் பழக்கம் இல்லாதவள்.
ஒரே ஒரு முறை கேட்டாள்,
"இது எப்ப முடியும்?"
"வசந்தத்துல" என்றோம் இருவரும்
ஒரே குரலில்.
எந்த வசந்தம் என்று சொல்லவில்லை.
அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம்
ரேடியேட்டரின் முன் தொங்கும் குளிர்த்திரையை
பழைய பாய்மரத் துணியில் தைத்துக் கொண்டுவந்தாள்.
எலி தின்றதுபோக எஞ்சிய கிழிசலை வைத்து அளவெடுத்தாளாம்.
டாஷ்போர்டுச் சங்கிலியை இழுத்தேன்.
ஒரு சுருக்கமில்லாமல் ஏறியது, இறங்கியது.
எனக்கு எரிச்சலாக இருந்தது.
பாராட்டினேன்.

மே மாதம், பனி உருகிய சேற்றில்,
எஞ்சினும் கூடும் சேர்ந்தன.
இரண்டு பேர் தூக்கினால் போதும் அந்த எஞ்சினை.
மூன்று பேர் தூக்கினோம்.

சாவியைத் திருப்பினேன். இருமல்.
மறுபடி. கொட்டகை முழுக்க நீலப்புகை,
பக்கத்து வயலில் கொக்குகள் எழுந்தன,
பிறகு அந்தப் படபடப்பு,
சோளம் பொரிகிற மாதிரி,
யாரும் எதுவும் பேச வேண்டாத சத்தம்.

நான் ஓட்டினேன். எஸ்கில் பக்கத்தில்,
பின்னால் மர்யாத்தா, அவள் மடியில் என் நாய்.
கடலை நோக்கி இறங்கும் நீளச் சரிவில்
ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

இந்த வண்டியில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் போகும்,
நூற்றுக்கு மூன்று.
இறக்கத்தில் சக்கரம் எஞ்சினை இழுத்துக்கொண்டு ஓடினால்
குடிக்க ஒன்றுமில்லாமல் அது காய்ந்து இறுகும்.
அதனால்தான் பிரீவீல் என்று ஒன்று வைத்தார்கள்:
சக்கரம் தன்பாட்டில் உருளும்,
எஞ்சின் தன்பாட்டில் மூச்சு விடும்,
ஒன்றை ஒன்று இழுக்காது.

வேலியில் காயும் வலைகள் கடந்தன.
காற்றின் சத்தம் மட்டும்.
எஸ்கில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்,
நான் சாலையை.

அடிவாரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது.

"பிளக்" என்றான்.
"கார்ப்பரேட்டர்" என்றேன்.
"பாயிண்ட்ஸ் இடைவெளிய நீதான வச்ச."
"கிராங்க் சீல் நீ போட்டது."
பானெட்டைத் திறந்து
பழைய குரல்களில் கொஞ்ச நேரம் நின்றோம்.

பின்னாலிருந்து மர்யாத்தா,
"பெட்ரோல் ஊத்தினீங்களா?"

எஞ்சின் அவனோடதுதான் இப்போ, அவன் ஊற்றியிருப்பான்.
சோதனைக்குக் கலந்தவள் நான், நான் ஊற்றியிருப்பேன்.

முதலில் இறங்கியது நாய்.
காலி டப்பாவை யார் தூக்குவது என்று பேசாமல்
மூவரும் மேட்டில் ஏறத் தொடங்கினோம்.